சைக்கிளும் சம்பளப் பட்டியலும்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு முதலிய மலைப் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் இன்று இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். விடுமுறையில் ஊர் திரும்பும்போது அவர்கள் வியந்து சொல்லும் செய்திகளுள் ஒன்று, "வேலைக்குப் போய்வர எங்கள் கம்பெனியே சைக்கிள் வாங்கிக் கொடுத்தது, அந்தத் தொகைக்கு வருமான வரியும் கிடையாது" என்பதாகும். இதைக் கேட்கும் பெரியவர்கள், "நம் நாட்டில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லையா?" என்று வினவுகிறார்கள். ரயில்வே காரியாலயத்தில் சம்பளப் பட்டியல் எழுதும் குமாஸ்தா என்ற முறையில் இவ்வினா அடியேனிடமும் பலமுறை வந்ததுண்டு.

"இல்லை" என்று ஒரே சொல்லில் விடை கூறி விடலாம். ஆயினும் அந்த ஏற்பாடு எவ்விதம் நடைபெறுகிறது, அதன் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது, நம்மிடம் முன்பு இருந்தது என்ன, இனி நாம் செய்யத்தக்கது என்ன என்பவற்றைச் சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்பது நம் குடும்பங்களுக்கு நன்மை தரும். நாம் இழந்தது இன்னதென்று தெரிந்தால்தான் கேட்க வேண்டியது இன்னதென்று விளங்கும்.

இங்கிலாந்தில் உள்ள ஏற்பாடு

இவ்வேற்பாடு அங்கே 1999 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தினால் உண்டானது. 'சைக்கிள் டு ஒர்க்' என்பது அதன் பெயர். 'வேலைக்குச் சைக்கிள்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் ஊழியர் நேரே கடைக்குப் போய்ப் பணம் கொடுத்துச் சைக்கிள் வாங்குவதில்லை. வேலை கொடுக்கும் ஸ்தாபனம் சைக்கிளை வாங்கித் தன் சொத்தாக வைத்துக்கொண்டு, அதனை ஊழியரின் உபயோகத்திற்கு விடுகிறது. ஊழியர் தமக்கு வர வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கிறார். விட்டுக்கொடுத்த பகுதி அவருடைய வருமானமாகவே கருதப்படாது. ஆகையால் அதற்கு வருமான வரியும் இல்லை. தேசியக் காப்புறுதிச் சந்தாவும் இல்லை. தலைக்கவசம், விளக்கு, பூட்டு முதலிய காப்புச் சாமான்களையும் இதனோடு சேர்த்து வாங்கலாம். சைக்கிளின் உபயோகத்தில் பாதிக்கு மேல் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவதற்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஒரு கணக்குப் பார்ப்போம். சைக்கிளின் விலை 800 பவுண்டு. அடிப்படை விகிதத்தில் வரி செலுத்துகிறவருக்கு வருமான வரி நூற்றுக்கு 20. காப்புறுதிச் சந்தா 2024 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 8. இரண்டும் சேர்ந்து 28 ஆகிறது. எனவே 800 பவுண்டைச் சம்பளத்திலிருந்து விட்டுக்கொடுத்தாலும், அவர் கைக்கு வரும் பணத்தில் குறைவது 576 பவுண்டே. பன்னிரண்டு தவணையாக்கினால் மாதம் 48 பவுண்டு. மிச்சம் 224 பவுண்டு.

தவணை முடிந்தவுடன் சைக்கிள் தமக்கே சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, சைக்கிள் இன்னும் ஸ்தாபனத்தின் சொத்துத்தான். அதைச் சொந்தமாக்கிக் கொள்ள, அன்றைய மதிப்பைக் கொடுக்க வேண்டும். அம்மதிப்புக்கு வரி இலாகா ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. விலை 500 பவுண்டுக்குக் குறையாத சைக்கிளுக்கு ஓராண்டு முடிவில் விலையில் நூற்றுக்கு 25. நான்காண்டு முடிவில் நூற்றுக்கு 7. நம் கணக்கில் ஓராண்டிலேயே வாங்கினால் 200 பவுண்டு கொடுக்க நேரும். மிச்சப்படுத்திய 224 பவுண்டில் 24 பவுண்டுதான் கையில் நிற்கும். காலத்தை நீட்டி நான்காண்டு முடிவில் வாங்கினால் 56 பவுண்டு. 168 பவுண்டு மிச்சம். கடல் கடந்து வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கையெழுத்துப் போடுமுன் இந்த ஒன்றை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்கு எவ்வளவு?

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். இதே 800 பவுண்டுச் சைக்கிளை உயர்ந்த விகிதத்தில் வரி செலுத்தும் ஓர் அதிகாரி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வருமான வரி நூற்றுக்கு 40. காப்புறுதிச் சந்தா 2. ஆக மொத்தம் 42. அவர் மிச்சப்படுத்துவது 336 பவுண்டு. நான்காண்டு முடிவில் கொடுக்கும் 56 பவுண்டைக் கழித்தாலும் 280 பவுண்டு நிற்கிறது. சைக்கிள் ஒன்றே, கடை ஒன்றே. சம்பளம் கூடியவருக்குச் சலுகையும் கூடுகிறது.

கீழே இருப்பவர் நிலை என்ன? விட்டுக்கொடுத்த பின் நிற்கும் சம்பளம், சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஆகவே அந்தக் கூலியையே வாங்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும், கடைச் சிப்பந்திக்கும், சமையற்கூட உதவியாளருக்கும் இந்த வாசல் திறப்பதில்லை. கூலியைக் காக்க வந்த விதி நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவாக, பஸ் கட்டணத்தை எண்ணி எண்ணிச் செலவிடுகிறவருக்கே சலுகை கிடைக்காமற் போகிறது. சுயதொழில் செய்கிறவர்களும் இதில் சேர முடியாது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சைக்கிள்காரர் சுயதொழிலாளராகப் பதிவாகியிருந்தால், நாள் முழுதும் மிதித்தும் அவருக்கு இந்த ஏற்பாட்டில் இடம் இல்லை.

ஆரம்பத்தில் பெரும்பாலும் 1,000 பவுண்டு வரையே இவ்வாறு வாங்க முடிந்தது. அதற்கு மேலும் வாங்க ஏதுவாக 2019 ஜூன் மாதத்தில் வழிகாட்டு முறை திருத்தப்பட்டது. மின்சார உதவியுள்ள விலை கூடிய வண்டிகளும் இதனால் எளிதில் கிடைத்தன. அது நன்மையே. எனினும் விலை கூடக்கூட வரியில் விட்டுக்கொடுக்கும் தொகையும் கூடும் என்பதை மறத்தல் ஆகாது.

நம் நாட்டு வரிக் கணக்கு

அதே ஏற்பாட்டை நம் நாட்டிற்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 6,000 ரூபாய் விலையுள்ள ஒரு சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்வோம்.

2025-26 ஆம் நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு, தள்ளுபடி காரணமாக வருமான வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டாகையால் இது 12,75,000 ரூபாய் வரை செல்கிறது. மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி அவ்வரம்பின் அருகில்கூட இல்லை. வரியே செலுத்தாதவருக்கு வரிச் சலுகையினால் வரும் மிச்சம் பூஜ்யம். ஆண்டுக்கு 24 லட்சத்திற்கு மேல் வருமானம் உள்ளவருக்கோ மேல் விகிதம் நூற்றுக்கு 30. அவர் அதே சைக்கிளில் 1,800 ரூபாய் மிச்சம் பிடிப்பார். அவருக்கு அந்த 1,800 ரூபாய் பெரிதன்று. சைக்கிளும் பெரும்பாலும் தேகப்பயிற்சிக்காகவே இருக்கும்.

நம் வரிச் சட்டம் வாகனங்களுக்குச் சலுகையே தந்ததில்லை என்று சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட மின்சார வாகனக் கடன்களின் வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள இடம் தரப்பட்டது. காலால் மிதிக்கும் வண்டிக்கு அத்தகைய சலுகை எதுவும் வரவில்லை. நிறுவனம் தன் சைக்கிளை ஊழியரின் சொந்த உபயோகத்திற்குக் கொடுத்தால், அதன் விலையில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கை அவர் பெற்ற சலுகையாக மதிப்பிட வேண்டும் என்பதே 1962 ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் வகுத்த முறை.

ஆனால் வேறொரு வழியில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே அளவாகப் பயன் தந்த மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் இருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 12 இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. வரி சேராத விலை 6,000 ரூபாயானால் முன்பு 720 ரூபாய் வரி. பின்பு 300 ரூபாய். கடையில் விலையும் அதற்கேற்பக் குறைந்தால், சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத கூலிக்காரருக்கும் 420 ரூபாய் மிச்சம்.

மறைந்துபோன முன்பணம்

வரிச் சலுகையைப் பற்றிப் பேசும் நாம், நம்மிடமே இருந்து மறைந்துபோன ஓர் ஏற்பாட்டை மறந்துவிட்டோம். அதுதான் சைக்கிள் முன்பணம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு நெடுங்காலமாக இது வழங்கப்பட்டு வந்தது. கீழ்நிலை ஊழியர் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்; மேலதிகாரி அனுமதிப்பார்; பணம் பெற்றுச் சைக்கிள் வாங்கி ரசீதைக் காட்டுவார்; தொகை மாதத் தவணைகளாகச் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பின், 2008 இல் இதன் அளவு 3,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2,800 ரூபாய்க்கு மேற்படாத தர ஊதியம் உள்ளவர்களுக்கே இது உரியது. அதாவது மேலே உள்ளவருக்கு இல்லை, கீழே உள்ளவருக்கு உண்டு. இங்கிலாந்து ஏற்பாட்டுக்கு நேர் எதிரான முறை இது.

2015 நவம்பரில் அறிக்கை அளித்த ஏழாவது சம்பளக் கமிஷன், வட்டியில்லா முன்பணங்களை நிறுத்திவிடும்படி பரிந்துரைத்தது. 2016 அக்டோபரில் நிதி அமைச்சகத்தின் ஆணை வந்தது. சைக்கிள் முன்பணம் முடிவுற்றது. தொகை சிறிது, விண்ணப்பங்களும் குறைந்து வந்தன. ஆகையால் பெரிதாக யாரும் வருந்தவில்லை. அடியேன் அறிந்தவரை, கடைசிக் காலத்தில் அதற்கு விண்ணப்பித்தவர்களில் பலர் வண்டித்தடத்தில் வேலை செய்யும் தொழிலாளரும் பியூன்களுமே.

முழுவதும் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிள் படியையும் எடுத்துவிடும்படி அதே கமிஷன் கூறியிருந்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. தபால்காரருக்கும், ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளருக்கும் அந்தப் படி 2017 ஜூலை முதல் மாதம் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக இரட்டிப்பாக்கப்பட்டது. சைக்கிளை நம்பி நடைபெறும் வேலை இன்னும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிறுத்திய முன்பணத்தை மறுபடி கொடுக்க இயலாது என்பாரும் உளர். 2020 அக்டோபரில் நடந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு 10,000 ரூபாய் சிறப்புப் பண்டிகை முன்பணத்தை வட்டியின்றி அறிவித்து, பத்துத் தவணைகளில் பிடித்துக்கொண்டது. பண்டிகை முன்பணமும் 2016 இல் நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்றே. மனம் வைத்தால் மார்க்கம் உண்டு என்பது இதனால் தெரிகிறது.

முன்பணம் ஏன் ஏழைக்கு ஏற்றது? அவனுக்குக் குறைவது வரிச் சலுகையன்று. ஒரே தடவையில் எடுத்து வைக்க ரொக்கம் இல்லாமையே. கேரளத்தில் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 2022 மே முதல் தேதியில் 10 ரூபாயாயிற்று. அந்தக் குறைந்த கட்டணத்தையே கணக்கில் வைத்தாலும், போக வர 20 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 500 ரூபாய். 6,000 ரூபாய் முன்பணத்தை இருபது தவணையாக்கினால் மாதம் 300 ரூபாய். பஸ்ஸுக்குக் கொடுத்து வந்த 500 ரூபாயிலேயே தவணையும் கட்டி, பஞ்சர், பிரேக் கட்டை, எண்ணெய் இவற்றுக்கு 200 ரூபாய் ஒதுக்கியும் விடலாம். இருபது மாதத்திற்குப் பின் வண்டி சொந்தம். இவ்வளவு எளிய கணக்கு நடவாமற் போவது, முதல் நாளில் 6,000 ரூபாய் கையில் இல்லை என்ற ஒரே காரணத்தால்தான்.

புதுக்கோட்டை காட்டிய வழி

முன்பணமும் கடனும் சைக்கிளுக்கு எவ்வளவு துணை செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், இயக்கத்தில் பணிபுரிந்த பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார். 1992 ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500 க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். விவசாயக் கூலிகளும், கல்லுடைக்கும் தொழிலாளரும், அங்கன்வாடிப் பணியாளரும் அவ்வியக்கத்தில் சைக்கிள் கற்றார்கள்.

ஆண்கள் ஓட்டும் வண்டியையே விரும்பிய பெண்களும் அங்கே இருந்தனர். இருக்கைக்கும் ஹேண்டில் பாருக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா? தண்ணீர்க் குடமும், விளைபொருள் மூட்டையும், குழந்தையும் ஒரே வண்டியில் போயின. யாரும் அவர்களுக்கு வருமான வரிச் சலுகை தரவில்லை. பணம் கடனாகக் கிடைத்தது. கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தது. மற்றவை தாமே நடந்தன.

சமவெளியும் மலையும்

எல்லா ஊருக்கும் சைக்கிள் ஒருபோல் பொருந்தாது. நம் அங்கத்தினர் இரு வேறு நிலங்களில் வாழ்கிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி பெரும்பாலும் சமவெளி. ஒலவக்கோட்டில் உள்ள பாலக்காடு ஜங்ஷன் ஸ்டேஷனிலிருந்து நகரம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். சைக்கிளில் அரைமணியும் ஆகாது. ஷிப்ட் முறையில் வேலை செய்கிறவருக்கு, முதல் பஸ் வருமுன்னும் கடைசி பஸ் போனபின்னும் துணை நிற்பது சைக்கிளே. கிழக்கே கஞ்சிக்கோட்டிற்குப் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கிழக்குக் காற்று பலமாக வீசும். காலையில் எதிர்க்காற்று, மாலையில் பின்காற்று. ஆடி மாதத்து மேல்காற்றில் இது தலைகீழாகும். இதை அறிந்து பத்து நிமிஷம் முன்னதாகப் புறப்படுகிறவர் இளைப்பின்றிப் போய்ச் சேருவார்.

இடுக்கியின் கதை வேறு. அம்மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. சமமான சாலையும் அரிது. தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து நம் சகோதரிகளும் சகோதரர்களும் நாள்தோறும் விடியலில் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்கு வருகிறார்கள். அந்த மலைப்பாதையில் சைக்கிளில் ஏறி வேலைக்குப் போகச் சொல்வது பரிகாசமாகும். ஆனால் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துச் சமவெளியில், வீட்டிலிருந்து ஜீப் நிற்கும் இடம் வரை இருட்டில் நடக்கும் தூரத்தைச் சைக்கிளால் குறைக்கலாம். மலைமேல் குடியிருப்போருக்கு மின்சார உதவிச் சைக்கிள் பயன்படக்கூடும். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாமலும் விதிப்படி அமைந்த வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. ஆனால் அதன் விலை சாதாரணச் சைக்கிளைப்போல் பல மடங்கு. வாங்குமுன் தம் வீட்டு ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பாட்டரி பழுதானால் பக்கத்தில் யார் பார்ப்பார் என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முன்பணத்தின் இரு முகங்கள்

முன்பணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தோட்டத்து முதியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் மலையேறியதும் கடல் கடந்ததும் கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கையில் வாங்கித்தான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறின. கணக்குப் புத்தகம் கங்காணியிடம். படிக்கத் தெரியாதவர் தொழிலாளி. கடன் தீர்ந்ததென்று யாரும் சொல்லவில்லை. இலங்கையில் தொழிலாளியின் கடனைத் 'துண்டு' எனும் சீட்டில் எழுதி, அதைத் தீர்க்கிறவரிடம் தொழிலாளியை ஒப்படைக்கும் வழக்கமே இருந்தது. 1921 இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

ஆகவே முன்பணம் காலுக்குச் சக்கரமாகவும் ஆகலாம், விலங்காகவும் ஆகலாம். எந்த முன்பணம் எது என்பதை நான்கு கேள்விகளால் அறியலாம். வட்டி உண்டா? தவணை எத்தனை என்று முதல் நாளே எழுத்தில் தரப்படுகிறதா? பிடித்த தொகை ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் காட்டப்படுகிறதா? மிச்சத்தைக் கட்டிவிட்டு எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டுப் போகலாமா? நான்கிற்கும் சரியான விடை இருந்தால் தயங்காமல் வாங்கலாம். கொடுத்த முன்பணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்ள 1936 ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டமும் இடம் தந்தது. அதன் இடத்தில் வந்த 2019 ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத் தொகுப்பும் இடம் தருகிறது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது அத்தொகுப்பின் வரம்பு. சைக்கிளுக்காக மாதம் 300 ரூபாய் பிடிப்பது எவ்வகையிலும் அவ்வரம்பைத் தொடாது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, மில், கடை, தோட்டம், பள்ளிக்கூடம் என எங்கே வேலை செய்தாலும், நான்கைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து முதலாளியிடம் மரியாதையாகக் கேட்கலாம். "இனாமாக வேண்டாம். சைக்கிள் வாங்க வட்டியில்லாமல் முன்பணம் கொடுங்கள், இருபது மாதத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. நேரத்திற்கு வேலைக்கு வரும் ஆளால் முதலாளிக்கும் லாபமே.

இரண்டாவது, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அங்கத்தினராக உள்ளவர்கள், சிறு கடன்களுள் சைக்கிளுக்கென ஒரு பிரிவு வைக்கும்படி பொதுக்குழுவில் கேட்கலாம். கைமாற்றுக்கும் நாள் வட்டிக்கும் ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, நம் சங்கமே ஒரு சிறிய மிதிவண்டி நிதி தொடங்கலாம். வசதியுள்ள அங்கத்தினர் நன்கொடையாக 36,000 ரூபாய் சேர்ந்தால் ஆறு சைக்கிள்கள் கொடுக்கலாம். ஆறு குடும்பமும் மாதம் 300 ரூபாய் வீதம் திருப்பினால் மாதம் 1,800 ரூபாய் வரும். நான்காம் மாத முடிவில் 7,200 ரூபாய் சேர்ந்து ஏழாவது சைக்கிள் புறப்பட்டுவிடும். இருபதாம் மாதத்தில் முதல் ஆறு பேரின் தொகை முழுவதும் திரும்பியிருக்கும். பணமும் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். யாருக்கு முதலில் என்பதை வருமானம் பார்த்தும், வேலைக்குப் போகும் தூரம் பார்த்தும் பொதுக்குழு முடிவு செய்யட்டும். வேலைக்குப் போகும் தாய்மாருக்கும் விதவைகளுக்கும் முன்னுரிமை தருவது நியாயம். கணக்குப் புத்தகம் எவர் வந்து கேட்டாலும் காட்டும்படி சங்கக் கட்டடத்தில் இருக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பளபளப்பையும் கியரையும் பார்த்து மயங்க வேண்டாம். மட்கார்டும் கேரியரும் செயின் உறையும் நல்ல பிரேக்கும் உள்ள உறுதியான வண்டியே வேலைக்கு ஏற்றது. நம் மழைக்கு மட்கார்டு இல்லாத வண்டி உதவாது. சட்டத்தில் பொறித்த எண்ணை ரசீதில் எழுதி வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். களவு போனால் அந்த எண்தான் சாட்சி. முன்னும் பின்னும் விளக்கு அவசியம். நெடுஞ்சாலையில் லாரிகள் நம்மைப் பார்த்து ஒதுங்கும் என்று எண்ண வேண்டாம். நாம் கண்ணில் படும்படி இருப்பதே காப்பு.

மேனாட்டார் கண்ட நல்ல ஏற்பாட்டை நாம் இகழ வேண்டியதில்லை. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக் கொள்ளட்டும். இங்கே அதை அப்படியே கேட்டு வாங்கினால், வரி செலுத்தும் சிலருக்கு ஒரு சலுகை கூடும். விடியலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கு ஒன்றும் வராது. அவருக்கு வேண்டுவது வட்டியில்லாத 6,000 ரூபாயும், அதைத் திருப்பிக் கட்ட இருபது மாத அவகாசமுமே. அரசாங்கம் கைவிட்ட அந்தச் சிறு உதவியைச் சங்கத்தின் அளவிலாவது நாம் மீண்டும் ஏற்றுக்கொள்வோமாக. அங்கத்தினர் தத்தம் கருத்தையும், தம் தெருவில் சைக்கிள் தேவைப்படும் குடும்பங்கள் எத்தனை என்பதையும் சங்கத்திற்கு எழுதித் தெரிவித்தால், அடுத்த பொதுக்குழுவில் கணக்கோடு பேச வசதியாயிருக்கும்.